சக்கரமில்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழம்

பரமத்தி வேலூரில் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் மக்கர் செய்தால் மணியனிடம்தான் வரும். புகை விடாததை அவர் வண்டி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். அவரிடம் ஆற்றங்கரை விடுதிக்காரர் ஒருவர் பழைய தண்ணீர் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து போட்டார். அடிவயிற்றால் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீச்சியடித்து ஓடுகிற வண்டி. பிஸ்டன் இறுகிக் கிடந்தது. மணியன் நாமக்கல் லேத் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் மாட்டினார். ஆயில் பம்பை நம்பாமல் கழற்றி வீசிவிட்டு, பைக்குக்குச் செய்வதுபோல் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்தார்.

காவிரியில் இடுப்பளவுத் தண்ணீரில் வண்டியை இறக்கியதும், மனைவி சென்னம்மாள் எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, இதைச் சக்கரத்துக்கடியில வையுங்க."

"இதுக்கு ஏது புள்ள சக்கரம்? கண்ணு தெரியலையா?"

"பழம் நசுங்காம எந்த வண்டியும் கெளம்பக் கூடாதுங்க."

மணியன் எரிச்சலோடு பழத்தைப் பிடுங்கி, வண்டிக்கு அடியில் தண்ணீருக்குள் திணித்துவிட்டு, ஏறி ஸ்டார்ட்டரை அழுத்தினார். இன்ஜின் நீலப் புகையோடு உறுமியது. வண்டி பழத்தை ஒரே மூச்சில் உறிஞ்சி, சாறும் தோலுமாகப் பின்னால் நின்ற சென்னம்மாள்மேல் பீச்சியடித்தது.

தொப்பலாக நனைந்தவள், கன்னத்தில் ஒட்டிய விதையைத் துடைக்காமலே கத்தினாள்: "நசுங்கிருச்சுங்க! இனி எங்க வேணா ஓட்டுங்க!"