குண்டான பையன் ஒருவன் தேவை: ஹேவாஹெட்டப் பக்கம் ஒருநாள்

போர்நிறுத்தம் கடதாசியிலும் இல்லாமற்போன ஆண்டின் நடுப்பகுதியில், பள்ளிப் பிள்ளைகளின் உடற்பருமனைக் குறைப்பதற்காக நான் கண்டிக்குப் போனேன். நாட்டில் மற்ற அலுவல்கள் எல்லாம் முடிந்துவிட்டனவா என்று கேட்க வேண்டாம். திட்டத்துக்குப் பணம் வந்திருந்தது.

பதின்ம வயதினரின் இதயத்தைப் பாதுகாக்கும் திட்டம் அது. வாகனத்தில் பள்ளிக்கூடம் போய், வாகனத்தில் டியூசன் போய், வீட்டுக்கு வந்து கணினிக்கு முன்னால் குந்தியிருக்கும் கொழும்புப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது. அவர்களுக்கு அது வேண்டியதுதான். பதினைந்து வயதில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்கும் பிள்ளைகளை நானே கண்டிருக்கிறேன். ஆனால் பணம் தந்தவர்கள் தோட்டப் பகுதியும் சேர்ந்திருக்க வேண்டும் என்றார்கள். ஆகவே ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை சேர்க்கப்பட்டது. கைநூலைத் தமிழாக்கியவன் நான். 'மின்தூக்கியைத் தவிர்த்துப் படிகளில் ஏறுங்கள்' என்று ஓரிடத்தில் வரும். 'பீட்சாவை மாதத்துக்கு ஒருமுறையாகக் குறையுங்கள்' என்று இன்னோரிடத்தில். ரொட்டியும் சம்பலும் சாப்பிடுகிற பிள்ளை எதைக் குறைப்பது என்று கேட்டேன். மூலத்துக்கு விசுவாசமாக இருக்கச் சொன்னார்கள். இருந்தேன்.

பயணத்தின் நோக்கம் எளியது. பாடசாலையைப் பார்க்க வேண்டும், ஒரு படம் எடுக்க வேண்டும், ஒரு பக்க வெற்றிக் கதை எழுத வேண்டும்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ஏழு மணிக் கடுகதி ரயில். ஜன்னல் இருக்கை வேண்டுமானால் வலதுபக்கம் எடுங்கள். ரம்புக்கனைக்குப் பிறகு பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். ஒன்பதே முக்காலுக்குக் கண்டி. நிலையத்திலிருந்து குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு ஐந்து நிமிட நடை. நான் போய்ச் சேர்ந்தபோது ஹேவாஹெட்ட பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஓடினேன். கைநூலின் நான்காம் அத்தியாயத்தில் 'பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதும் உடற்பயிற்சியே' என்று நானே தமிழில் எழுதியிருக்கிறேன்.

முதுகில் பையுடன் ஓடுகிற ஒருவனை அந்த நாட்களில் எல்லோரும் பார்ப்பார்கள். சிப்பாய் ஒருவர் பார்த்தார். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் பருத்தித்துறை. பையைக் கவிழ்த்துக் காட்டி, ஏன் ஓடினேன் என்று இரண்டு மொழிகளில் விளக்கி முடித்தபோது பஸ் போய்விட்டது. அடுத்தது ஒன்றேகால் மணித்தியாலம் கழித்து. ஆகவே ஓட்டோ. முப்பது கிலோமீற்றர், நாள் முழுக்கக் காத்திருந்து கூட்டிவர இரண்டாயிரம் ரூபா என்று பேசினோம். சாரதியின் பெயர் நிஸாம். ஐம்பது வயதிருக்கும். பிறந்து வளர்ந்தது கண்டிதான்.

"அங்க சொந்தக்காரங்க ஈக்கிறாங்களா சேர்?"

பிள்ளைகளின் உடற்பருமனைக் குறைக்கும் திட்டம் என்றேன். தலாத்துஓயா வரைக்கும் அவர் பாதையைப் பார்த்து ஓட்டினார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"தோட்டத்துப் பிள்ளைகள்லயா சேர்? அவங்கள்ல இன்னும் எத்த குறைக்கிற?"

மாரஸ்ஸனைக்குப் பிறகு பாதை சுருண்டு ஏறும். வெயிற்காலத்திலும் ஒரு கம்பளிச் சட்டை கையில் இருக்கட்டும். பிரதான வீதியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே கொங்கிறீற்றுப் படிகளில் ஏறினால் உச்சியில் பாடசாலை. படிகள் நூற்றுக்கு மேல். பிள்ளைகள் இதைத் தினமும் ஏறுகிறார்கள், பலர் லயத்து வரிசை வீடுகளிலிருந்து இரண்டு கிலோமீற்றர் நடந்து வந்த பிறகு. மின்தூக்கியைத் தவிர்ப்பதில் இந்தப் பாடசாலை தேசிய அளவில் முன்னணியில் இருக்கிறது.

அதிபர் பெருமாள் வாசலிலேயே நின்றார். அதே தோட்டத்து லயத்தில் பிறந்து அதே பாடசாலைக்கு அதிபரானவர்.

"படம் எடுக்க வந்தீங்களா சேர்? மாஸ்டர் இல்லீங்க. நேத்து காலையில பொலிசுல கொண்டுபோயிட்டாங்க."

மாஸ்டர் என்பது உடற்கல்வி ஆசிரியர் யோகநாதன். மானிப்பாய்க்காரர், மூன்று வருடமாக இங்கே வேலை. திட்டத்தின் கைநூலை வரிக்கு வரி நம்பிய ஒரே மனிதர் நாட்டில் அவராகத்தான் இருக்கும். 'நாளும் முப்பது நிமிடம் ஓட்டம், முடிந்தால் அதிகாலையில், குழுவாக' என்று அதில் இருக்கிறது. பத்தாம், பதினோராம் வகுப்புப் பையன்களை அவர் காலை ஆறு மணிக்கு வீதியில் வரிசையாக ஓடவைத்தார். முன்னால் அவர், வாயில் விசில். அடி பிசகாதிருக்கப் பையன்கள் தமிழில் எண்ணிக்கொண்டு ஓடினார்கள். எல்லோரும் திட்டம் கொடுத்த ரீசேட்டில்: மஞ்சள் துணி, நெஞ்சில் சிவப்பு இதயம். நிறம் தெரிவானது கொழும்பில். அந்த ஆண்டில் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் ஆட்களுக்கு எந்தக் கொடி நினைவுக்கு வரும் என்பது, குளிரூட்டிய அறையில் இருந்து அதைத் தெரிவுசெய்தவர்களுக்குத் தோன்றவில்லை.

கீழே கிராமத்திலிருந்து யாரோ பொலிசுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வந்த ஒருவன் தோட்டத்துப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான் என்று. அதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை என்பதுதான் சங்கடம்.

அவரோடு பிடிபட்ட பையன்களைப் பெற்றோர் போய்க் கூட்டிவந்துவிட்டார்கள். மாஸ்டரை விடவில்லை. "இன்னைக்கு பொழுது சாயுறதுக்குள்ள இங்கேயே முடிக்கணுங்க சேர்," என்றார் அதிபர். "இல்லாட்டி கொழும்புக்கு அனுப்பிடுவாங்களாம். அங்க போயிட்டா யார்கிட்ட போய் கேக்குறது?"

அப்படி அனுப்பப்பட்டவர்களைப் பற்றி எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. நிஸாமின் ஓட்டோவில் ஏறினோம்.

பொலிஸ் நிலையம் எது என்று எழுதப்போவதில்லை. நீங்கள் போகும் வழியில் அதைப் பார்க்கவேண்டிய தேவை வராதிருக்கட்டும். பொறுப்பதிகாரி மரியாதையான மனிதர். கதிரை தந்தார், சீனி போட்ட பிளேன்ரீ தந்தார். நான் கைநூலின் சிங்களப் பிரதியைக் கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து நிதானமாக வாசித்தார். திட்டத்துக்குக் கிடைத்த முதல் உண்மையான வாசகர். பையில் இருந்த இடுப்பளவு நாடாவையும் எடுத்துப் பார்த்தார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமிட்ட நாடா. தன் இடுப்பில் சுற்றினார். சிவப்பையும் தாண்டி, வெற்று நாடாவில் போய் நின்றது.

"வெளிநாட்டு அளவு," என்று சிங்களத்தில் சொல்லி மேசையில் வைத்தார். பிறகு அதிபரைப் பார்த்தார். "இந்த ஓட்டம் குண்டுப் பிள்ளைகளை மெலியவைக்க. சரி. நேற்று நான் பிடித்ததில் குண்டன் யார்?"

"யாரும் இல்லைங்க சேர்," என்றார் அதிபர்.

"பள்ளிக்கூடம் முழுக்கவாவது?"

"ஒரு பையன் இருக்கான் சேர். கடை முதலாளி மகன்."

"அவன் ஓடினானா?"

"இல்லைங்க. ஓட முடியாதுன்னு டொக்டர்கிட்ட சேர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்துட்டான்."

பொறுப்பதிகாரி பேனையை மூடினார். "மெலிந்தவர்கள் மெலிவதற்காக ஓடுகிறார்கள். குண்டன் வீட்டில் இருக்கிறான். இதை நான் எழுதினால் எனக்கு மேலே இருப்பவர் என்னை என்ன நினைப்பார்?" அவர் குரலில் கோபம் இல்லை. கணக்கு ஒத்துவராத எழுதுவினைஞரின் களைப்புத்தான் இருந்தது. "நாலு மணிக்குள் அந்தக் குண்டனைக் கொண்டுவாருங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்."

இலங்கையில் ஒரு தமிழ் ஆசிரியரின் உயிருக்கு ஒரு பையனின் இடுப்புச் சதை ஆதாரமாக வேண்டியிருந்தது. திட்ட முன்மொழிவில் இந்தப் பயனை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

கடை தோட்டத்துச் சந்தியில். முதலாளியின் பெயர் செல்லையா, ஒல்லியான மனிதர். பையன் ரவி, பதினைந்து வயது, உள்ளே சீனி நிறுத்துக்கொண்டிருந்தான். அதிபர் விஷயத்தைச் சொன்னார். செல்லையா தராசைத் துணியால் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"முடியாதுங்க சேர்."

"சும்மா காட்டிட்டு கூட்டிட்டு வந்துடலாம் செல்லையா."

"காட்டிட்டு வரலாம்னு போனவங்க எத்தனை பேர் வந்திருக்காங்க? நீங்களே சொல்லுங்க." அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே அந்தப் புத்தகம் எழுதுனவரு? எம்மவன் குண்டா இருக்கான்னு ஸ்கூல்ல டேப் வச்சு அளந்து சிவப்புன்னு எழுதி அனுப்பினீங்க. எண்பத்து மூணுல எனக்கு இவன் வயசுங்க. இதே கடை, எங்கப்பா கடை. மேல நெருப்பு எரியுது, நான் தேயிலைக்குள்ள ஓடுறேன். விடியுற வரைக்கும் ஓடுனேன். இவன் பொறந்தப்ப நெனச்சேன், இவன் ஓட வேணாம். ஒக்காந்து சாப்பிடட்டும். அதுக்குத்தான் சேர்ட்டிபிகேட்டும். நோய் ஒன்னும் இல்லீங்க."

கைநூலில் 'உடற்பருமனுக்கான காரணங்கள்' என்று ஒன்பது இருக்கின்றன. இது அதில் இல்லை.

மணி மூன்றே கால். நிஸாம் வெளியே ஓட்டோவை இயக்கியபடி வைத்திருந்தார். அதிபர் இன்னொரு தரம் கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்பதுபோல நின்றார். ரவிதான் சீனிக் கரண்டியைக் கீழே வைத்தான்.

"எல்லாரும் என்னய குண்டான்னுதான் கூப்புடுவாங்கப்பா. மாஸ்டர் மட்டும் ரவின்னு கூப்புடுவாரு."

செல்லையா கடையின் பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டு மூடினார். பட்டப்பகலில் அந்தக் கடை மூடியதை எண்பத்து மூன்றுக்குப் பிறகு பார்க்கவில்லை என்று அதிபர் பிறகு சொன்னார். ஓட்டோவில் நான் சாரதிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன், பின்னால் மூவர். ஏற்றத்தில் இயந்திரம் திணறியபோது நிஸாம் சொன்னார்: "பாத்தீங்களா சேர், உண்மையாவே பாரமான புள்ளதான். நல்லது."

பொறுப்பதிகாரி தானே நாடாவைப் பிடித்து அளந்தார். சிவப்பு. அறையில் எல்லோரும் மூச்சுவிட்டோம். ஒரு பிள்ளையின் நாடா சிவப்பைக் காட்டியதற்காகப் பெற்ற தகப்பனும் அதிபரும் நிம்மதியடைந்தது உலகத்தில் இந்த ஒருமுறையாகத்தான் இருக்கும். அவர் எழுதத் தொடங்கினார். நடுவில் நிறுத்தினார்.

"இவன் ஓடுகிறவன் என்று எழுத வேண்டும். நான் காணாததை எழுதமாட்டேன். ஓடட்டும்."

யோகநாதன் மாஸ்டரை வெளியே கொண்டுவந்தார்கள். அதே மஞ்சள் ரீசேட். உதடு வீங்கியிருந்தது. விசிலைக் கையில் கொடுத்து ஊதச் சொன்னார்கள். அவர் ரவியைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"வேண்டாம் சேர். இந்தப் பிள்ளை ஓடத் தேவையில்லை," என்றார் சிங்களத்தில். பிறகு தமிழில், மெதுவாக: "ரவி, நீ போ வீட்ட. எனக்கு ஒண்டுமில்லை."

"ஊதுங்க மாஸ்டர்," என்றான் ரவி.

ஊதினார். வீங்கிய உதட்டில் சத்தம் பாதிதான் வந்தது. பையன் பொலிஸ் முற்றத்தைச் சுற்றி ஓடத் தொடங்கினான். துவக்குடன் நின்ற கொஸ்தாப்பல்மார் சிரித்தார்கள். ஒருவர் தாளத்துக்குக் கை தட்டினார். முதல் சுற்றில் ஒரு செருப்பு கழன்றது. இரண்டாவது சுற்றில் நெஞ்சைப் பிடித்தான். மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "மூச்சை மூக்கால இழு, மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே அவனுக்குப் பக்கத்தில் தானும் ஓடினார். யாரும் தடுக்கவில்லை. செல்லையா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். சுவரில் எங்கள் திட்டத்தின் சுவரொட்டி எதுவும் இல்லை என்பதைக் கவனித்தேன். அது ஒன்றுதான் அந்த இடத்தில் குறை.

மூன்று சுற்று. பொறுப்பதிகாரி கையெழுத்திட்டார். நிபந்தனைகள்: வீதியில் ஓட்டம் இல்லை, விசில் இல்லை, ஒரே மாதிரிச் சட்டை இல்லை, நான்கு பேருக்கு மேல் வரிசை இல்லை. மாஸ்டர் வாரம் ஒருமுறை வந்து கையொப்பமிட வேண்டும். கைநூலைத் தான் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். சீனியைப் பற்றிய அத்தியாயம் நன்றாக இருக்கிறதாம்.

வெளியே வந்ததும் மாஸ்டர் செல்லையாவின் கையைப் பிடித்தார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

"நீங்க என்ன செஞ்சீங்க மாஸ்டர்," என்றார் செல்லையா. கையை விடுவிக்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை. மகனின் செருப்பை எடுத்து மண் தட்டி அவன் காலடியில் வைத்தார்.

கொழும்புக்கு வந்து என் அறிக்கையை எழுதினேன். நடந்ததை நடந்தபடி நான்கு பக்கம். அவர்கள் அதில் ஒரு வரியை வைத்துக்கொண்டார்கள்: 'முன்பு உடற்பயிற்சியே செய்யாத, இடுப்பளவு சிவப்பில் இருந்த மாணவர் ஒருவர் ஓடத் தொடங்கியுள்ளார்.' படம் கேட்டார்கள். இல்லை என்றேன். வேறு பாடசாலைப் படம் ஒன்று போட்டார்கள். மாஸ்டர் இப்போது அங்கே வகுப்பறைக்குள் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறார். அதிபர் எழுதியிருந்தார். ரவி அதில் கெட்டிக்காரனாம்.

அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கண்டி குட்ஷெட்டிலிருந்து பஸ் கட்டணம் நாற்பத்தெட்டு ரூபா, பயணம் ஒன்றரை மணித்தியாலம்; இடதுபக்க ஜன்னலில் மலை நன்றாகத் தெரியும். மழைக்குப் பிறகு அட்டைக்கடி அதிகம், காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள். அடையாள அட்டையை மேற்சட்டைப் பையில் வையுங்கள். சோதனைச் சாவடிப் பக்கம் கமராவை வெளியே எடுக்க வேண்டாம். சந்திக் கடையில் தேநீர் நன்றாக இருக்கும். முதலாளியிடம் மகனைப் பற்றி விசாரிக்காதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் போய்ச் சேரும்போது பஸ் நகரத் தொடங்கியிருந்தால், கைநூலின் நான்காம் அத்தியாயத்தை மறந்துவிடுங்கள். ஓட வேண்டாம். ஒன்றேகால் மணித்தியாலத்தில் அடுத்தது வரும்.