பக்கத்து வீட்டுச் சுவர்

ஐம்பதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம். இரண்டு வாரம் இருக்கும்போது தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டி நின்ற வீடுகளில், எங்கள் வீட்டுக்கு அப்பா சுண்ணாம்பு அடித்தார். எங்கள் சுவர் வெளுத்ததும், ஒட்டியிருந்த ராக்காயி அத்தை வீட்டுச் சுவர் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. உடப்புசல்லாவையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தால் என்ன நினைப்பார்கள்? போய்க் கேட்கவும் முடியாது. தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் அத்தையும் அம்மாவும் பேச்சை நிறுத்திப் பல வருடமாகிவிட்டது.

மறுநாள் நானும் அம்மாவும் கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பினால், அத்தை தன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“நம்ம லயத்துப் பொண்ணுக்குக் கல்யாணம். பாதி லயம் கறுத்துக் கெடந்தா நல்லாவா இருக்கும்?”

அம்மா வாளியோடு குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்து அத்தை பக்கத்தில் வைத்தார்.

“கையக் கழுவிக்க, ராக்காயி.”

கல்யாணக் களை எங்கள் வாசலுக்கு வந்தது அன்றைக்குத்தான்.