முதலில் விழுந்தது நான்

முதலில் மயங்கி விழுந்தது நான்தான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். ஏனென்றால் எங்கள் ஊரில் அது யாருக்கும் நினைவில்லை.

ஆந்திர எல்லையில் விஜயபுரம் பக்கம் எங்கள் ஊர். கங்கையம்மன் ஜாத்திரை அன்று காலையிலிருந்து விரதம், தலையில் பொங்கல் பானை, மண்டையைப் பிளக்கிற வெயில். வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். வயிறு குமட்டியது, உள்ளங்கை வியர்த்தது, காது இரைந்தது, கண் மெல்ல இருட்டியது. பானையை இறக்கிவைக்க நேரம் இருந்தது. அதன் பிறகுதான் சரிந்தேன்.

"வெரதம் இருக்கறதுக்கு ஒடம்புல தெம்பு வாணாமா சுசீலா?" என்றார் என் கணவர். ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த மரியாதை.

அடுத்த ஜாத்திரையில் அதே இடத்தில் ராஜம்மா அக்கா விழுந்தாள். என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்படி. அவள் விழுந்ததை யாரும் விழுந்தது என்று சொல்லவில்லை. அம்மன் வந்துவிட்டாள் என்றார்கள்.

குமட்டல் இல்லை, வியர்வை இல்லை. பேசிக்கொண்டே இருந்தவள் வெட்டிய வாழையாகச் சாய்ந்தாள். பானையும் உடைந்தது, நெற்றியும் உடைந்தது. பம்பை மேளம் வேகமெடுத்தது. அவள் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். சற்று நேரத்தில் கண்ணைத் திறந்து, "இன்னா ஆச்சி?" என்றாள். அம்மனே விசாரிக்கிறாள் என்று ஊர்ப் பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு, கோயில் மதில் ஏன் இன்னும் கட்டி முடியவில்லை என்று கணக்கு ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் பானையைப் பத்திரமாக இறக்கிவைத்துவிட்டு விழுந்தவளுக்குச் சோடா, உடைத்துவிட்டு விழுந்தவளுக்குக் கோயிலில் ஊற்றுகிற முதல் கூழ். எனக்கு வயிறு எரிந்தது. மூடி மறைக்க ஒன்றுமில்லை.

அதன் பிறகு அம்மன் ஜாத்திரைக்காகக் காத்திருக்கவில்லை. கடலைக்காய் பறிக்கிற இடத்தில் வந்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது வந்தாள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கோடு அருள்வாக்குக் கேட்க வந்தார்கள். அக்கா ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டாள், களைத்துப்போய் உட்கார்ந்திருப்பாள். அதையும் பெருமையாகத்தான் பேசினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டது நான்.

ஒரு நாள் அடுப்படியில் விழுந்தாள். கொதிக்கிற சோற்றுப் பானைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தலை கிடந்தது. பக்கத்திலேயே இருந்ததால் முழுதும் பார்த்தேன். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கண் திறந்தபோது குப்பென்று சிவந்தது. பம்பை இல்லை, கற்பூரம் இல்லை. சோறு வடிக்கிற நேரத்தில் எந்த அம்மன் வருவாள் என்று அப்போதுதான் நினைத்தேன். அந்த நினைப்பில் அக்கறை கொஞ்சம் இருந்தது, பொறாமைதான் அதிகம். இது அம்மன் இல்லை என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டுவிட வேண்டும் எனக்கு.

பெரிய மாமா, அதாவது அக்காவின் கணவர், ஒப்பவில்லை. "அம்மா வர்ற ஒடம்ப ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவக் கூடாது. ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரா மாமா சோத்துப் பானையில விழப் போவுது?" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்சுக்குக் கிளம்பினார்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ஈசிஜி (இதயத்தில் ஓடும் மின்சாரத்தைத் தாளில் கோடாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். "எனுக்கும் எடுங்க. மொதல்ல மயங்கினது நானு" என்றேன். எடுத்தார்கள்.

டாக்டர் என் தாளை ஒரு பார்வை பார்த்தார். "நீகு ஏமி லேதம்மா, உனுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். வெயிலில் வெகுநேரம் நின்றதில் ரத்த அழுத்தம் இறங்கி வந்த மயக்கம், அதுவும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தது, பயமில்லை என்றார். அக்காவின் தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஹார்ட் பிளாக் என்றார் (துடிப்புக்கான மின்சாரம் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் பாதையில் தடை, இது ரத்தக் குழாய் அடைப்பு அல்ல). அந்தப் பாதையின் மூன்று கிளைகளில் இரண்டு கெட்டிருந்தன. மூன்றாவதும் அவ்வப்போது கைவிடுகிறது என்று சந்தேகப்பட்டார். அன்றைக்கே திருப்பதிக்குப் போகச் சொன்னார்.

நான் கேட்க வந்தது கேட்டாயிற்று. ஆனால் பாருங்கள், நோயிலும் பெரியது அவளுக்குத்தான் வாய்த்தது. ஆம்புலன்சில் அவள் படுத்துக்கொண்டு வந்தாள், நான் பைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

திருப்பதியில் அவளை மானிட்டரில் (துடிப்பை ஓயாமல் திரையில் காட்டும் கருவி) இணைத்தார்கள். நான் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். "சுசீலா, கோழிங்கள அடைக்கச் சொல்லிட்டு வந்தியா, இல்லனா அந்தப் பூன..." என்றவள் பாதியில் நின்றாள். திரையில் மேடு பள்ளமாக ஓடிய கோடு ஏறக்குறைய நேராக ஓடியது. கருவி கத்தியது. நர்சுகள் ஓடி வருவதற்குள் இதயம் தானாகவே மறுபடி பிடித்துக்கொண்டது. முகம் குப்பென்று சிவந்தது. "இன்னா ஆச்சி?" என்று கேட்டாள்.

நாங்கள் கற்பூரம் கொளுத்திய ஒவ்வொரு முறையும் இதுதான் நடந்திருக்கிறது. அத்தனை பேர் கும்பிட்டுக்கொண்டு நிற்க, அவள் இதயம் நின்று நின்று போயிருக்கிறது.

காரை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பேஸ்மேக்கர் (இதயம் துடிக்கத் தவறும்போது தூண்டிவிடும் சிறு கருவி) வைத்தார்கள். "நல்ல வேள, இட்டுகினு வந்தீங்க. யாருக்குத் தோணிச்சி?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டரம்மா. அக்கா என்னைக் காட்டினாள். ஏன் தோன்றியது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். சொல்லாமல் கொள்ளாமல் வரும் மயக்கத்தைச் சாமியென்றும் பலவீனமென்றும் தள்ளிப்போடாதீர்கள். விழுவதைப் பார்த்தவர் டாக்டரிடம் கூடவே போக வேண்டும், விழுந்தவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு ஈசிஜி நன்றாக இருந்தாலும், மயக்கம் திரும்ப வந்தால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார்கள். நான்தான் தலை பின்னிவிட்டேன். அந்த நாட்களில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அவள் பேச்சு எங்கே நின்றாலும் என் மூச்சும் நின்றுவிடும். உப்பு டப்பாவைத் தேட நிறுத்தியிருப்பாள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு அரை நாள்.

இந்த ஜாத்திரையில் பம்பை அடித்தபோது ஊரே அக்காவைப் பார்த்தது. அவள் பானையோடு நின்றாள். இன்னும் வேகமாக அடித்தார்கள். நின்றுகொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் சனங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். முதல் கூழ் யாருக்கோ போனது.

வேப்பமரத்தடியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இனிமே அம்மா வர மாட்டா இல்ல?"

"வந்தா நீ இருக்க மாட்டக்கா."

"சித்தூர்ல ஒனுக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டரு சொன்னாரே, அப்ப ஒன்னப் பாத்து எனுக்கு வயிறு எரிஞ்சிது சுசீலா. இப்பவும் எரியுது. எனுக்கு அம்மாவும் இல்ல, நல்ல நெஞ்சும் இல்ல. நீ மட்டும்..."

பேச்சு பாதியில் நின்றது. நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"ச்சீ, உடு கைய" என்றாள். "அழுதுகினு இருக்கேன், அவ்ளோதான்."