வராதவர் தலையில் கட்டு

எங்கள் சங்கத்தில் வேலை செய்ய ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். ஆள் ஏன் இல்லை? பதினோரு பேர் இருந்தோம். பதினோரு பேருக்கும் ஒரே வேலைதான் வேண்டியிருந்தது, மேடையில் ஏறுவது.

அறுபதுகளின் கடைசிப் பகுதி அது. ஜாலான் புசார் சாலையில் ஆணியும் கம்பியும் விற்கிற சீனர் கடைக்கு மேல்மாடியில் சங்கம். நான் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பொங்கல் விழாவுக்கு வேலை பிரிக்க உட்காருவோம். வரவேற்புரை என்றால் நாலு கை உயரும். நன்றியுரைக்கு ஐந்து. பொன்னாடை போர்த்தத் தலைவரும் சேர்ந்து கை தூக்குவார். "சரி, நாற்காலி யாருப்பா தூக்குறது?" என்று கேட்டால் போதும், அத்தனை பேரும் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பார்கள். தெருவில் அப்படி ஒன்றும் நடந்துகொண்டிருக்காது.

ஒரு வருஷம் வரவேற்புரைக்கு இரண்டு பேர் விடாப்பிடியாக நின்றார்கள். யார் மனமும் நோகக் கூடாதென்று ஆளுக்குப் பாதி கொடுத்தோம். முதலாமவர் பேசி முடித்ததும் இரண்டாமவர் வந்து, "வரவேற்புரையின் எஞ்சிய பகுதியை வழங்க வந்திருக்கிறேன்" என்று ஆரம்பித்தார். அன்றைக்குக் குடிக்கத் தண்ணீர் வைக்க ஆளில்லை. இரண்டு பேருக்குமே தொண்டை கட்டிக்கொண்டது. எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை.

அடுத்த வருஷக் கூட்டத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. மேசையைத் தட்டிச் சொன்னேன். "இனிமே யாரும் கை தூக்காத வேலையையெல்லாம், அன்னிக்கு யாரு கூட்டத்துக்கு வரலையோ அவர் தலையில கட்டிடுறது. சம்மதமா?"

ஏகமனதாக நிறைவேறியது. வந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதில் என்ன நஷ்டம்?

அடடா, அதற்கப்புறம் வருகையைப் பார்க்க வேண்டுமே! ஒருத்தர் காய்ச்சலோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார். இன்னொருத்தர் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு ஓடி வந்து, "அண்ணே, நான் வந்துட்டேன், பாத்துக்கங்க. நாற்காலிய என் தலையில கட்டிடாதீங்க" என்று முகத்தைக் காட்டிவிட்டு மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. தோ பாயோவில் புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்திருந்த ஒரு குடும்பம். அப்பா துறைமுகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பள்ளிக்கூட ஆசிரியை. அவளை நான் தேக்கா பஸ் ஸ்டாப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருநாள் கண்டக்டர் அவளிடம் ஏதோ எகிறிப் பேச, அவள் குரலை உயர்த்தாமலே ஏதோ சொன்னாள், மனிதர் வாயை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து இவள் இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று நான் முடிவு செய்திருந்தேன். இது அவளுக்குத் தெரியாது.

என் சின்னம்மாதான் எனக்காகப் பேசப் போனார். அவளுடைய அப்பா சட்டென்று பிடி கொடுக்கவில்லையாம். "பையன் சங்கத்துல செயலாளர்னு சொல்றீங்க. பொங்கல் விழா வருதுல்ல? ஒரு காரியத்தைப் பொறுப்பா செய்வானான்னு அங்க பாத்துக்கிறேன். அப்புறம் சொல்றேன்" என்றாராம். நான் உடனே எங்கள் சங்கத் தலைவரைப் பிடித்து, விழாவுக்குப் பெண்ணின் அப்பாவையே தலைமை தாங்க அழைக்க வைத்தேன். காரணத்தை யாரிடமும் மூச்சு விடவில்லை.

பெண் வீட்டில் போட்டோவும் கேட்டார்கள். அதற்காகக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நான் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பிவிட்டு, சிராங்கூன் ரோடு ஸ்டூடியோவில் இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் ரோஜா பக்கத்தில் நின்றேன். நான் இல்லாததால் கூட்டக் குறிப்பை எங்கள் சங்க உறுப்பினரான தையற்கடைக்காரர் எழுதினார். மறுநாள் கடைக்குப் போய் அதில் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. சட்டை அளவு எழுதிப் பழகிய கை அது, யாரால் படிக்க முடியும்?

விழா நாள். பள்ளிக்கூட மண்டபத்தில் ஐந்து மணிக்கு நிகழ்ச்சி. நாற்காலி வந்தது, தண்ணீர் வந்தது, மாலை வந்தது. அவளும் அவள் அம்மாவும் முன்னதாகவே பஸ்ஸில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் நான் ஆறங்குலம் உயர்ந்துவிட்டேன். ஐந்தேகால் ஆயிற்று. மேடையில் நடு நாற்காலி மட்டும் காலி.

தலைமை தாங்க வருகிறவரை வீட்டுக்கே போய் டாக்சியில் அழைத்து வருவதுதான் எங்கள் மரியாதை. அவராக வரமாட்டார், வரவும் கூடாது. மேடையிலேயே தையற்கடைக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"தலைமை தாங்குறவரை அழைச்சிட்டு வர யாரு போனது?"

"யாரும் கை தூக்கலண்ணே. அதனால ரூல்படி வராதவர் தலையில கட்டிட்டோம்."

"எந்தத் தடியன்யா அது? பெரிய மனுஷனைக் காக்க வச்சிட்டு எங்கே போய்த் தொலைஞ்சான்? இன்னிக்கே அவனைச் சங்கத்தை விட்டு நீக்குறேன். பொறுப்பில்லாத பய! படி அந்தக் குறிப்பை!"

அவர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, "நீங்கதாண்ணே" என்றார். "அன்னிக்கு உங்களுக்கு வயித்துவலில்ல?"

"என்கிட்ட ஏன்யா யாரும் சொல்லல?"

"கையெழுத்துப் போட்டீங்களே லா! படிச்சிருப்பீங்கன்னு நெனச்சோம்."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு கிளம்பிய பிறகுதான் பார்க்கிறேன், மைக் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறது. தடியனிலிருந்து வயிற்றுவலி வரைக்கும் ஒன்று விடாமல் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். முதல் வரிசையில் அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். அவள் அம்மா குனியவில்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

டாக்சி பிடித்துப் பறந்தேன். தோ பாயோவில் எல்லா அடுக்குமாடியும் ஒரே அச்சு. மூன்று தடவை தப்பான கட்டடத்தில் ஏறி இறங்கினேன். கடைசியில் பார்த்தால் அவர் கோட்டும் டையுமாக, கையில் குடையோடு, தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரமாக நிற்கிறாராம். உட்கார்ந்தால் கோட்டு கசங்கிவிடும் என்று உட்காரவில்லையாம்.

டாக்சி கிளம்பியதும் கேட்டார். "என்னை அழைச்சிட்டுப் போற பொறுப்பை யாருக்குக் கொடுத்திருந்தீங்க?"

தையற்கடைக்காரர் பெயரைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பொய் சொல்லவும் வழியில்லை. முதல் வரிசையில் சாட்சிகள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்குத்தான் சார்" என்றேன்.

அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் மேடைக்கு மிச்சம் வைத்திருந்தார் போலிருக்கிறது. பொறுப்புணர்ச்சி என்ற தலைப்பில் முக்கால் மணி நேரம் பேசினார். ஒவ்வொரு தடவை கைதட்டல் எழுந்தபோதும் எங்கள் சங்கத்தார் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தட்டினார்கள்.

அவ்வளவுதான், நம் கதை முடிந்தது என்று நான் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தேன். ஒரு வாரம் ஆயிற்று, பதில் இல்லை. இரண்டு வாரம் ஆயிற்று, அப்போதும் இல்லை. சின்னம்மா துள்ளிக் குதித்தார். "வேணாம்னா இந்நேரம் சொல்லி அனுப்பியிருப்பாங்கடா! பேசாம இருக்காங்கன்னா சம்மதம்தான்!" என்று வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் அடுக்கிய தட்டோடு தோ பாயோவுக்குக் கிளம்பிவிட்டார். நான் தடுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

அங்கே கதவைத் திறந்த அவளுடைய அப்பா தட்டைப் பார்த்து மிரண்டுபோனாராம். பிறகு உள்ளே திரும்பித் தன் மூத்த மகனைக் கேட்டிருக்கிறார். "இந்த இடம் வேணாம்னு போய்ச் சொல்லச் சொன்னோமே, நீ சொல்லலையா?"

"எங்கிட்ட யாருமே சொல்லலையேப்பா!"

வாசலில் மங்கலத் தட்டோடு ஒரு சுமங்கலி நிற்கிறபோது எப்படித் திருப்பி அனுப்புவது? அவர், "கேட்டதும் எனக்குத்தான்னு ஒத்துக்கிட்டான், அது ஒண்ணு இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டை வாங்கிக்கொண்டாராம்.

உள்ளே நடந்தது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விழா முடிந்த இரவே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அதைச் சின்னம்மா முகத்துக்கு நேராகப் போய்ச் சொல்ல அப்பாவுக்குச் சங்கடம், அம்மாவுக்கும் சங்கடம். அப்போது அவள் சொன்னாளாம், "அண்ணன் இன்னும் வேலையிலிருந்து வரலையே. அவர் தலையில கட்டிடுங்க." நல்ல யோசனை என்று இருவரும் தூங்கப் போய்விட்டார்கள்.

"அண்ணன் வந்ததும் நீ ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சொல்ற வேலையை யாருக்குமே பிரிச்சுக் கொடுக்கலையே" என்றாள்.