இப்ப வராதீங்க அத்தை

கடலோரத்தில் ஒரு நாலு மாடி விடுதி. அதன் முதுகுப் பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் குப்பை கொட்டும் இடத்துக்கும் நடுவே, தகரக் கூரை போட்ட ஒரு சலவை அறை. அங்கே வேலை பார்த்தவளை எல்லோரும் சலவையம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் அவள் புருஷன் ஒருத்தன்தான். அவனும் குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். அவனைப் பற்றிக் கேட்டால், "இருந்தப்பவும் பிரயோஜனமில்ல, போனப்பவும் நஷ்டமில்ல" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

ஒரே மகள். விடுதிக்கு மின்சார வேலை செய்ய வந்த ஒருவன், மொட்டை மாடியில் விரிப்பு உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தான், பிடித்துப்போயிற்று, கேட்டான், கொடுத்தாள். குடிக்கிறவன் இல்லை என்று தெரிந்ததுமே சலவையம்மாவுக்கு வேறு எதுவும் விசாரிக்கத் தோன்றவில்லை. அவன் ஊர் தேசத்தின் அந்தக் கோடியில் இருந்தது. தேசம் என்ன சின்னதா? இங்கே துணி காயாமல் பூஞ்சை பிடிக்கிற மாதத்தில் அங்கே மண் வெடித்துக் கிடக்குமாம். இங்கே இளங்காற்று வீசும்போது அங்கே கம்பளிக்குள் பல் தந்தியடிக்குமாம். எல்லாம் மருமகன் சொல்லித் தெரிந்ததுதான்.

முதல் வருஷம் மகள் வந்துபோனாள். கன்னத்தில் சதை வைத்திருந்தது. அடுத்த வருஷம் பிள்ளை உண்டானாள், பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு போனில் அவள் குரல் நூல் மாதிரி மெலிந்துபோயிற்று.

"மாப்பிள்ளை, ஒரு எட்டு வந்து அவளைப் பாத்துட்டுப் போயிடறேனே?"

"இப்ப வராதீங்க அத்தை. வெயில் மனுஷனப் பொரிச்சு எடுக்குது. உங்க உடம்புக்கு ஆகாது. கொஞ்சம் தணியட்டும், நானே சொல்றேன்."

வெயில் தணிந்தது என்று இவள் கணக்குப் போட்டுக் கூப்பிட்டால், "மழை அத்தை, பாலத்தையே அடிச்சிட்டுப் போயிருச்சு" என்றான். மழை நின்றிருக்கும் என்று கூப்பிட்டால் பனி. எதிரில் நிற்கிறவன் மூஞ்சி தெரியவில்லை, ரயில் நின்று நின்று வருகிறது என்றான். மகளும் பின்னாலிருந்து, "ஆமாம்மா, அப்புறம் வா" என்பாள்.

இங்கே இவளுக்கு இன்னொரு கட்டு. சீசன் நடக்கும்போது விடுதியை விட்டு நகர முடியாது. அறைக்கு அறை ஆள், மலை மாதிரி அழுக்கு. மழை மாதங்களில்தான் லீவு என்று வாயைத் திறக்க முடியும். அந்த மாதங்களில் மருமகன் ஊரில் வெயில் கொளுத்தியது. ஒவ்வொரு வருஷமும் கொளுத்தியது. இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

இதில் கூத்து என்னவென்றால், சலவை அறை ஜன்னலுக்கு நேரே மேனேஜர் மேசை. வெளியூர்க்காரர்கள் போனில் கேட்பார்கள், எந்த மாசம் வந்தால் நல்லது என்று. மேனேஜருக்கு எல்லா மாசமும் நல்ல மாசம். ஊற்றுகிற மழையில், "மழையிலதான் சார் கடலைப் பாக்கணும்! கண்கொள்ளாக் காட்சி!" என்பார். மண்டை பிளக்கிற வெயிலில், "இப்ப வந்தா கூட்டமே இருக்காது மேடம், கடலே உங்களுக்குத்தான்" என்பார். அவர் போனை வைத்ததும் சமையல்காரி அடுப்படியிலிருந்து கத்துவாள்: "மேனேஜரே, புயல் வந்தா என்ன சொல்லுவீங்க?"

"விசிறி இலவசம்னு சொல்லுவேன். நீ உலையப் பாரு!"

சலவையம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். நாள் முழுக்க இந்தப் புளுகைக் கேட்டுக்கொண்டே துணி பிழிந்தவள், மருமகன் சொன்னதை மட்டும் அப்படியே நம்பினாள். மேனேஜர் ஆளை வரவழைக்கப் புளுகினார். ஆளை வரவிடாமல் செய்யவும் அதே புளுகு போதும் என்று அவளுக்கு உறைக்கவில்லை. பெண்ணைக் கொடுத்த இடம் என்றால் புத்தி கொஞ்சம் மழுங்கித்தான் போகிறது.

ஒரு மழைக்காலம். விடுதியில் ஈ காக்கை இல்லை. மூன்றாம் மாடியில் ஒரே ஒரு குடும்பம். அவர்கள் சலவைக்குப் போட்ட துணியில் மெல்லிசான பருத்திச் சட்டைகளோடு ஒரு சின்னச் சால்வையும் இருந்தது. துவைத்து மடித்துக்கொண்டு போய்க் கொடுத்தபோது எந்த ஊர் என்று கேட்டாள். துணியை வாங்கிக்கொண்ட அம்மாள் சொன்னது மகள் இருக்கிற ஊரை.

"அய்யோ, இப்ப அங்க வெயில் கொளுத்துமே?"

"யாரு சொன்னா? எங்க ஊர்ல இப்பதான் சொர்க்கம். வெயிலும் இல்ல, குளிரும் இல்ல. சாயங்காலம் ஒரு சால்வை போட்டா போதும். நாங்களே தப்பான நேரத்துல கிளம்பி இங்க வந்து மழையில மாட்டிக்கிட்டோம். உங்க மேனேஜர் என்னமோ கண்கொள்ளாக் காட்சின்னாரே!"

"வருஷா வருஷம் இப்படித்தானா?"

"வருஷா வருஷம்."

சலவையம்மா படியிறங்கி வந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்தாள். சமையல்காரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

சொன்னாள்.

"அட பாவி! சரி, வர்றேன்னு ஒரு போன் போட்டுட்டுக் கிளம்புடி."

"போன் போட்டா உக்காந்த இடத்துல இன்னொரு மழையப் பெய்ய வைப்பான்."

மேனேஜர் முனகிக்கொண்டே லீவு கொடுத்தார். "சீசனுக்குள்ள வந்துரணும் சலவையம்மா. இல்லேன்னா வேற ஆள் போட்டுருவேன், சொல்லிட்டேன்."

உட்கார மட்டும் இடம் கிடைத்த ரயிலில், முழங்கால் மரத்துப்போக, அந்தக் கோடிக்குப் போய் இறங்கினாள். ஸ்டேஷன் வாசலில் நல்ல காற்று வீசியது. ஆட்கள் மெல்லிய சட்டையோடு டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காற்றில் நிற்கப் பிடிக்காமல் அவள் விறுவிறுவென்று நடந்தாள்.

மகள் எப்போதோ சொன்ன அடையாளப்படி, சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்குப் பின்னால் சந்து. சந்தின் கடைசி வீடு. கதவைத் திறந்தவள் மகள் இல்லை. இடுப்பில் கைக்குழந்தையோடு வேறொருத்தி.

"யாரு வேணும்?"

"என் மக வேணும்."

அந்தப் பெண் ஒதுங்கி நின்று பின்னறையைக் காட்டினாள்.

பின்னறையில் காலி சிலிண்டர், உடைந்த விசிறி, வெங்காய மூட்டை. அதோடு ஒரு கட்டிலில் மகள். உள்ளே நுழையும் முன்பே சலவையம்மாவுக்கு வாடை சொல்லிவிட்டது. மூத்திரமும் மருந்தும் சீழும் கலந்த வாடை அது. விரிப்பைத் தூக்கினாள். இரண்டு காலும் குச்சி. இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண், உள்ளங்கை அகலத்துக்கு.

"ஏம்மா வந்த?" என்றாள் மகள்.

"நல்லாக் கேட்டடி. என்ன ஆச்சு இந்தக் காலுக்கு?"

"பிள்ளை செத்துப் பிறந்துச்சுல்ல, அப்ப காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போயிருச்சு. காலு திரும்பி வரல."

"மூணு வருஷமா எனக்கு வெயில் கதை, மழைக் கதை சொன்னானே உன் புருஷன்!"

"நான்தாம்மா சொல்லச் சொன்னேன். எதையாவது சொல்லுங்க, அம்மா மட்டும் வந்துரக் கூடாதுன்னேன்."

"ஏண்டி?"

"வந்தா கூட்டிட்டுப் போறேம்ப. எங்க கூட்டிட்டுப் போவ? அந்தத் தகரக் கொட்டாய்க்கா? சலவைச் சோடா நெடியில நீயே இருமிக்கிட்டுக் கிடக்க."

சலவையம்மா விரிப்பை இழுத்து மூடினாள். பிறகு கேட்டாள்: "வெளிய நிக்கிறது யாரு?"

"அவரோட ரெண்டாவதும்மா."

"உனக்குச் சோறு போடறாளா?"

"போடறா. புரட்டிப் போடத்தான் மாட்டா. பிள்ளை பெத்த இடுப்பு, அவளுக்கும் வலிக்கும்ல."

மருமகன் சாயங்காலம் வந்தான். வாசலில் இவள் செருப்பைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டான்.

"வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை."

"சொல்லியிருந்தா?"

அவன் கையில் இருந்த ஒயர் சுருளைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தான். பிறகு, "நான் அவளைத் தெருவுல விட்டுரல அத்தை" என்றான்.

"ஆமா மாப்பிள்ளை. தெருவுல விட்டிருந்தா நாலு பேர் கண்ணுல பட்டிருப்பா."

மறுநாள் ஒரு டாக்டரைக் கூட்டி வந்தாள். புண்ணைப் பார்த்த டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ரயில்ல எல்லாம் கொண்டுபோக முடியாதும்மா. போய்ச் சேர மாட்டா. இங்கயே வெச்சுப் பாருங்க. வெயில் காலம் வந்தாத்தான் கஷ்டம்." எப்படிக் கஷ்டம் என்று அவள் கேட்கவில்லை. டாக்டர் கண்ணைப் பார்த்தாலே போதுமாயிருந்தது.

அதனால் அவள் அங்கேயே இருந்துவிட்டாள். யாரும் இரு என்று சொல்லவில்லை, போ என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. வெங்காய மூட்டையை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் பாய் போட்டாள். மேனேஜர் போன் செய்தார்.

"சீசன் ஆரம்பிச்சாச்சு சலவையம்மா. எங்க இருக்க?"

"வேற ஆளப் போட்டுக்கோங்க சார்."

"உன் கை மாதிரி வருமா?"

"என் கைக்கு இங்க வேலை இருக்கு."

பனிக்காலம் வந்தது. அந்த ஒன்றில் மருமகன் பொய் சொல்லியிருக்கவில்லை. சந்தின் அந்த முனையே தெரியாமல் பனி கவிந்தது. விரிப்பு நாள்கணக்கில் காயவில்லை. ஒன்றை அடுப்புக்கு மேலே பிடித்து ஈரம் வாட்டி மகளுக்குக் கீழே விரிப்பாள், அதற்குள் மற்றது நனைந்திருக்கும். ஒரு புண் ஆறினால் பக்கத்தில் இன்னொன்று வாய் திறந்தது. மகள் தேய்ந்துகொண்டே வந்தாள். தூக்க லேசாக இருந்தாள். அது நல்லதற்கில்லை என்று இருவருக்கும் தெரியும்.

இரண்டாவதாக வந்தவள் கெட்டவள் இல்லை, வக்கில்லாதவள். வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நிற்பாள். அவள் குழந்தையின் துணியையும் சலவையம்மாவே துவைத்துப் போட்டாள். குழந்தை என்ன பாவம் செய்தது?

ஒரு நாள் காலை அந்தப் பெண் கொண்டுவந்து வைத்த மூட்டையில் அவன் சட்டையும் கால்சட்டையும் கலந்திருந்தன. சலவையம்மா அவற்றை மட்டும் விரல் நுனியில் எடுத்து வாசற்படியில் போட்டாள்.

"இது உன் பாடு. நீயே துவைச்சுக்கோ."

உள்ளேயிருந்து மகள், "போகட்டும்மா, அதையும் சேத்து அலசிப் போட்டுரு. வேலைக்குப் போறவரு" என்றாள்.

"நீ உன் வேலையப் பாரு. வாயை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படு!"

சொன்ன பிறகுதான் சலவையம்மாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. நுரைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மகளைப் புரட்டிப் படுக்க வைக்க உள்ளே போனாள்.