கை நழுவிய இடம்

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகக் குமுளியில் உடும்பஞ்சோலை பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர் மடியில் ஏலக்காய்ப் பை. அந்த வாசனையில் கண் சொக்கும்போது பின்னால் காலேஜ் பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். "மலையே..." என்று இழுத்துவிட்டு, ஒரு தாளம் சும்மா இருந்தார்கள். அப்புறம் கூரை அதிர, "எங்க பேரச் சொல்லு!" டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரும் அந்த ஒரு தாளத்துக்குக் கையை நிறுத்தினார் என்றால் நம்புவீர்களா?

அந்த நிறுத்தம் நான் செய்த தப்பு.

ஏலக்காய் வாசனை என்றாலே எனக்கு எஸ்டேட் ஸ்டோர்தான். காய் உலர்த்தும் அறையின் சுவர் எந்த மழையிலும் கதகதப்பாக இருக்கும். அந்தக் காலத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தச் சுவர் ஓரம் எங்கள் ராக் பேண்ட் கூடும். பேண்ட் என்றால் மூன்றே பேர். கிதார் வாசித்துப் பாட்டும் கட்டுகிற சகாயம், பாடுகிற அவன் தங்கை அருள்மேரி, மாதா கோயில் டிரம்ஸைக் கெஞ்சி வாங்கி வந்து அடிக்கிற நான். லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த எஸ்டேட் ஆட்களுக்கு அது வெறும் இரைச்சல். கோயிலில் அடக்கமாகப் பாடுகிற அருள்மேரி, இங்கே அடிவயிற்றிலிருந்து பாடுவாள்.

திடீரென்று அவளுக்குத் திருப்பூரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். போகிற வீட்டில் பாட்டுக்கு இடமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்களாம். குமுளி ஸ்டூடியோ ஒன்றில் ஒரு மணி நேரம் கிடைத்தது. அவள் குரலைப் பிடித்து வைக்க எங்களுக்கு அதை விட்டால் வேறு நேரமில்லை.

அதில்தான் என் அழகுணர்ச்சி குறுக்கே வந்தது. ஸ்டோர் வேலையில் காயோடு புழங்குகிற என் கையில் கறை ஏறிவிடும். ஸ்டூடியோவுக்குக் கறுத்த கையோடு போவதா என்று தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு போனேன். என்னமோ எனக்குத்தான் கல்யாணம் மாதிரி.

இரண்டு தடவை கரண்ட் காலை வாரியது. மூன்றாவது தடவை எல்லாம் ஒழுங்காகப் போய், "மலையே" என்று அவள் உச்சிக்கு ஏறியதும், எண்ணெய்க் கையிலிருந்து குச்சி பறந்தது. பயத்தில் சகாயமும் நின்றுவிட்டான். அவள் மட்டும் கண் திறக்காமல் மூச்சை இழுத்து, அடுத்த அடியைச் சரியாகப் பிடித்தாள். அதோடு விட்டாளா? பல்லவி வந்தபோதெல்லாம் அதே இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினாள். நாங்களும் அவள் பின்னாலேயே நின்று நின்று போனோம்.

பாட்டு முடிந்ததும் ஸ்டூடியோக்காரர், "சமயம் கழிஞ்ஞு" என்று மலையாளத்தில் நேரம் முடிந்ததைச் சொல்லிக் கதவைத் திறந்தார். வெளியே என்னால் தலை நிமிர முடியவில்லை.

அருள்மேரிதான் சொன்னாள்: "விடுங்கண்ணே. அந்த எடத்துலதான் நான் மூச்சு வாங்குனேன். இல்லாட்டி அழுதிருப்பேன்."

கேசட் ஜீப்புகளில் ஏறிப் போனது. ஏலத் தோட்டத்து வேலைநிறுத்தம், கால்பந்து மைதானம், எங்கேயோ இருக்கிற சித்தூர் காலேஜின் ஆண்டு விழா வரை. எங்கள் பேர் மட்டும் எதிலும் ஒட்டவில்லை. பஸ்ஸில் ஒரு பையனிடம் ஏன் நடுவில் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். "மலை பதில் சொல்லணும்ல சார், அதுக்குத்தான்," என்றான். என்னவோ பெரிய விஷயம் தெரிந்துகொண்டவன் போலத் தலையாட்டினேன். அந்த எண்ணெய்க்கும் அருள்மேரிக்கும் மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

ஸ்டோரை இடித்துவிட்டார்கள். ஸ்டூடியோ இருந்த இடத்தில் மொபைல் கடை. சகாயம் துபாயில். கழுத்தில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அருள்மேரிக்குப் பேச்சே காற்றாகத்தான் வருகிறது. இருந்தாலும் பஸ்ஸிலிருந்தே அவளுக்குப் போன் போட்டு, அவள் எடுத்ததும் போனைப் பின் சீட்டுப் பக்கம் திருப்பிப் பிடித்தேன். பிள்ளைகள் மறுபடி "மலையே" என்று ஏறும்போது போனைக் காதில் வைத்தேன்.

நிறுத்தம் வந்தது. அவள் மூச்சை இழுப்பது தெளிவாகக் கேட்டது. அப்புறம் பஸ்தான் பாடியது.