‘அன்லிமிடெட்’ பிளானில் டேட்டா தீர்ந்த கதை

1. கேட்டில் நின்ற லாரி

“மேடம், வண்டி லோடு ஏத்தி ரெடியா நிக்குது. இன்வாய்ஸ் வர மாட்டேங்குது. இன்னாவோ சுத்திக்கினே கீது” என்றார் ஏழுமலை.

ஏழுமலை எங்கள் டெஸ்பாட்ச் இன்சார்ஜ். வடக்குப்பட்டுக்காரர். எதற்கும் பதறாதவர். அன்று காலை மாடிப்படி ஏறி என் அறைக்கே வந்துவிட்டார். கம்பெனியில் நான் சிஸ்டம்ஸ் இன்சார்ஜ். கம்ப்யூட்டர், பிரிண்டர், நெட்வொர்க் எதில் கோளாறு என்றாலும் என்னிடம்தான் வருவார்கள்.

நாங்கள் செய்வது பிரேக் பைப். கார் கம்பெனிக்காரர்கள் ஸ்டாக் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அன்றைக்கு வரும் சரக்கை அன்றைக்கே காரில் மாட்டுவார்கள். எங்கள் லாரி கேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் அரசாங்க சைட்டில் இன்வாய்ஸ் ஏற வேண்டும், சரக்கை ரோட்டில் கொண்டுபோக இ-வே பில் வர வேண்டும், கார் கம்பெனியின் சிஸ்டத்திலும் பதிவாக வேண்டும். மூன்றுக்கும் இன்டர்நெட் வேண்டும். லாரி தாமதமானால் அங்கே கார் தயாராகும் லைன் நிற்கும். லைன் நின்றால் அடுத்த ஆர்டர் நமக்கு வருமா என்பதே கேள்வியாகிவிடும்.

இருங்காட்டுக்கோட்டையில் வாடகை ஷெட்டில் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. வடக்குப்பட்டுக்கு அப்பால் சொந்தக் கட்டடத்துக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தது. ரோடு அகலப்படுத்தும் வேலையில் ஃபைபர் கேபிள் அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. தகர ஷெட்டுக்குள் மொபைல் சிக்னல் நிற்காது. அதனால் மொட்டைமாடியில் டிஷ் வைத்து சாட்டிலைட் இன்டர்நெட் வாங்கினோம்.

விற்க வந்தவர், “அன்லிமிடெட் பிளான் மேடம். கட்டே ஆகாது” என்றார்.

“கட் ஆகாது, சரி. வேகம்?”

“அது ஃபேர் யூசேஜ் மேடம். மாசத்துக்கு ஒரு லிமிட் இருக்கு. தாண்டினா கொஞ்சம் கொறையும்.”

இதை எங்கள் பிளான்ட் ஹெட் பாஸ்கரன் சாரிடம் சொன்னேன். “நாம என்ன சினிமாவா பாக்கப் போறோம்? இன்வாய்ஸ்தானே” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முதல் மாதம் பாதிகூட ஆகவில்லை, லிமிட் தாண்டிவிட்டது. அந்த ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று அன்று காலைதான் தெரிந்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிப்போகும். அரசாங்க சைட் அவ்வளவு நேரம் காத்திருக்காமல் வெளியே தள்ளிவிடும்.

ஏழுமலை லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் மெயின் ரோட்டுக்குப் போனார். சிக்னல் கிடைத்த ஒரு பெட்டிக்கடை வாசலில் உட்கார்ந்து, தன் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு இன்வாய்ஸை ஏற்றினார். லாரி கிளம்பியது. கார் கம்பெனியில் லைன் நிற்கவில்லை, ஆனால் நிற்கும் நிலைக்கு வந்துவிட்டது என்று அங்கிருந்து போன் வந்தது.

2. ஹாஸ்டல் வைஃபை

பாஸ்கரன் சார் என்னைக் கூப்பிட்டார். “யார் இவ்ளோ யூஸ் பண்ணாங்க?”

“பாத்துட்டு சொல்றேன் சார்.”

“பாக்கறதுக்கு என்ன இருக்கு? ஹாஸ்டல்தான். ஷிப்ட் முடிஞ்சா போனும் கையுமா இருக்காங்க. கட் பண்ணுங்க மேடம்.”

பிளான்ட்டுக்குப் பின்னால் கம்பெனி ஹாஸ்டல். தென்மாவட்டங்களிலிருந்து வந்து கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கும் பெண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். ஊரில் இருப்பவர்களின் முகத்தைப் பார்க்க அவர்களுக்கு அந்த வைஃபைதான் வழி. சொன்னபடி கட் பண்ணினேன்.

வேகம் கூடவில்லை. கூடாது. லிமிட் தாண்டிவிட்டால் அடுத்த மாதம் பிறக்கும்வரை வேகத்தைக் குறைத்தே வைத்திருப்பார்கள். இல்லையென்றால் டாப்-அப் வாங்க வேண்டும். தொட்டி காலியான பிறகு குழாயை மூடி என்ன பயன்? இதைச் சாரிடம் சொன்னேன். ஹெட் ஆபீஸிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் போன் வந்துகொண்டிருந்தது. அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் செக்யூரிட்டி அவரிடம் ஒரு தகவல் சொன்னார். தண்ணீர் டேங்க் படிக்கட்டில் நின்று இசக்கி என்ற பெண் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தாளாம். வைஃபை கட் ஆன பிறகும்.

ஷிப்ட் ஆரம்பத்தில் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசும் மீட்டிங்கில் சார் அதை எடுத்தார். “ஹாஸ்டல்ல கட் பண்ணியும் நெட் வேகம் ஏறல. ஏன்னா ஆபீஸ் வைஃபை பாஸ்வேர்டு வெளில போயிருக்கு. இசக்கி, உனக்கு யார் குடுத்தது? அது தெரியற வரைக்கும் நீ லைன்ல நிக்க வேணாம்.”

இசக்கி வரிசையை விட்டு வெளியே வந்தாள். கையுறையைக் கழற்றி டேபிளில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் என் அறைக்கு வந்தாள். தென்காசிப் பக்கம். பைப்பை வளைக்கும் பென்டிங் மெஷினில் வேலை. மூன்று வயது மகனை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவள்.

“மேடம், பாஸ்வேர்டுல்லாம் எனக்குத் தெரியாது. அது என் போன்ல நான் போட்ட டேட்டா. டேங்க் படில மேல ஏறி நின்னா ஒத்தப் புள்ளி சிக்னல் கெடைக்கும். பய காய்ச்சலாக் கெடக்கான். அவன் மூஞ்சியப் பாக்கணும்லா?”

போனை நீட்டினாள். வாங்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவள்தான் திறந்து காட்டினாள். எங்கள் வைஃபை எதுவும் அதில் இல்லை.

“நான் சார்ட்ட பேசறேம்மா” என்றேன்.

“நீங்க சொன்னா கேப்பாகளா மேடம்? கான்ட்ராக்ட்காரர் இப்பவே பெட்டியக் கட்டுன்னு சொல்லுதாரு.”

3. மீட்டர் நின்ற இடம்

வெறும் வாயால் சொன்னால் சார் கேட்க மாட்டார். முதலில் டாப்-அப் போட வைத்தேன். லாரி போக வேண்டும் என்பதால் ஒத்துக்கொண்டார். வேகம் திரும்பியது. ஏழுமலை வரிசையாக இன்வாய்ஸ்களை அனுப்பித் தள்ளினார். ஹாஸ்டல் வைஃபையை நான் திறக்கவில்லை. அதோடு ஆபீஸ் வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றி, யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் டாப்-அப்பில் கால் பங்கு போயிருந்தது.

எல்லா நெட்வொர்க் கேபிளும் வந்து சேரும் ஸ்விட்ச் ரேக் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் லேப்டாப்பில், டேட்டா செலவாவதைக் காட்டும் சாட்டிலைட் கம்பெனியின் மீட்டர். கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அக்கவுன்ட்ஸ். மீட்டர் ஓடியது. ஸ்டோர்ஸ். ஓடியது. குவாலிட்டி லேபில் இருந்து ஒருவர் வந்து நெட் இல்லை என்று சத்தம் போட்டார், அப்போதும் ஓடியது. கடைசி வரிசையில் மூலையில் இருந்த ஒரு கேபிளைப் பிடுங்கியதும் நின்றது. மறுபடி சொருகினேன். ஓடியது.

அது கேமரா லைன். புதுக் கட்டடம் முழுக்க வெளியிலிருந்து ஒரு கான்ட்ராக்டரை வைத்துக் கேமரா மாட்டியிருந்தார்கள். என்னிடம் கேபிள் சொருக ஒரு போர்ட் கேட்டார்கள், கொடுத்தேன். ரெக்கார்டிங் எல்லாம் இங்கேயே டிஸ்க்கில் ஆகும் என்றுதான் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் எல்லாக் கேமராக்களும் பகல் ராத்திரி பாராமல் படத்தை ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

நெட்டில் நாம் இறக்கிப் பார்ப்பதற்கு மட்டும்தான் கணக்கு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இங்கிருந்து ஏறிப் போவதும் அதே லிமிட்டில்தான் கழியும்.

பாஸ்கரன் சாரை ரேக்குக்கு அழைத்து வந்து, அவர் கையாலேயே அந்தக் கேபிளைப் பிடுங்கச் சொன்னேன். மீட்டர் நின்றதைப் பார்த்தார். சொருகிப் பார்த்தார். மறுபடி பிடுங்கினார்.

“ஹெட் ஆபீஸ்ல லைவா பாக்கணும்னாங்க. நான்தான் கனெக்ட் பண்ணச் சொன்னேன்” என்றார்.

“டிஸ்க்ல பதியட்டும் சார். வேணும்ங்கற நேரம் மட்டும் ஒரு கேமராவ அங்கேருந்து பாக்கட்டும்.”

“சரி. அந்தப் பொண்ண லைனுக்கு வரச் சொல்லிடுங்க.”

4. இசக்கி கேட்டது

நான் சொல்லி அனுப்ப, லைன் சூப்பர்வைசர் ஹாஸ்டலுக்குப் போய்ச் சொன்னார். இசக்கி லைனுக்குப் போகவில்லை. நேராக சார் ரூம் வாசலில் வந்து நின்றாள். கேமரா செட்டிங் பற்றிப் பேச நானும் உள்ளே இருந்தேன்.

“லைனுக்குப் போறேன் சார். ஆனா ஒண்ணு கேக்கணும். திருடின மாதிரி சொன்னது அத்தன பேர் முன்னால. இல்லன்னு சொல்றத மட்டும் ஆள்ட்ட சொல்லி விடுதீக.”

சார் என்னைப் பார்த்தார். நான் வாய் திறந்து, “அவ கேக்கறது சரிதான் சார்” என்றேன்.

“நீ போம்மா” என்றார் அவர். இசக்கி ஹாஸ்டலுக்கே திரும்பிப் போய்விட்டாள். அன்று அவள் லைனில் நிற்கவில்லை.

மறுநாள் காலை மீட்டிங்குக்கு இசக்கியும் வந்திருந்தாள். சார் டார்கெட் படித்தார், ரிஜெக்ஷன் ஆன பைப் கணக்கைப் படித்தார். பேப்பரை மடித்த பிறகும் நின்றார். “நெட் தீர்ந்ததுக்குக் காரணம் நம்ம கேமரா. இசக்கி பாஸ்வேர்டு எதுவும் எடுக்கல. விசாரிக்காம சொன்னது என் தப்பு” என்றார். அவ்வளவுதான். இசக்கி கையுறையை மாட்டிக்கொண்டு மெஷினுக்குப் போனாள்.

அன்றைக்கே ஹாஸ்டல் வைஃபையைத் திறந்தேன். இன்வாய்ஸ் போகும் கம்ப்யூட்டர்களுக்கு முதல் இடம், மீதி ஹாஸ்டலுக்கு என்று பிரித்து வைத்தேன். அதற்குப் பிறகு எந்த மாதமும் லிமிட் தாண்டவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். சாட்டிலைட் பிளான் வாங்கும்போது லிமிட் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். தாண்டினால் வேகம் எந்த அளவுக்கு இறங்கும், எந்தத் தேதியில் திரும்ப வரும், ஏறிப் போவதற்கும் கணக்கு உண்டா என்று கேளுங்கள். டேட்டா தீர்ந்துவிட்டால் எது தின்றது என்று முதலில் பாருங்கள். யார் தின்றது என்ற கேள்வி அதற்குப் பிறகு. பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு வேலையே இருக்காது.